கொம்பியூட்டர் வோட்டர் கூலிங் பிற்றிங்கில் ஈரம் நிற்கிறது, டெப்லோன் டேப் சுற்றலாமா?

"கிளிநொச்சியில் இருக்கிறேன், கொம்பியூட்டரைத் தண்ணியால் குளிர்விக்கும் செட்டில் ஹோஸைப் பூட்டும் பிற்றிங்கின் அடியில் ஈரம் நிற்கிறது, டேப் சுற்றினால் ஒழுக்கு நிற்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது, இன்னும் கெடும். கிணற்று மோட்டார் பைப்புக்கு டேப் சுற்றிப் பழகியவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். அந்தப் பைப்பின் மரை போகப் போக ஒடுங்கும், அங்கே தண்ணியை மறிப்பது மரைதான். கொம்பியூட்டர் பிற்றிங்கின் ஜி கால் (G1/4) அளவு மரை நேராகப் போவது, பிற்றிங்கைப் பிடித்து வைத்திருக்க மட்டும். தண்ணியை மறிப்பது அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையமான ஓ-ரிங். டேப் நடுவில் வந்தால் ரிங் மட்டமாக உட்காராது. குறட்டால் இறுக்கினால் ரிங் பிதுங்கும், பிற்றிங் பூட்டியிருக்கும் அக்ரிலிக் பிளொக் வெடிக்கும். கை இறுக்கம் போதும்.

முதலில் சுவர் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்த கிராபிக்ஸ் கார்டையும் மதர்போர்டில் இருக்கும் சின்னப் பற்றரியையும் எடுத்துவிட்டு, 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலும் மெல்லிய பிரஷும் கொண்டு துடையுங்கள். கூலன்ற், அதாவது செட்டில் ஓடும் தண்ணி, காய்ந்தால் உப்புப் போலப் படிந்து பிறகு ஷோர்ட் ஆக்கும். ஃபேன் காற்றில் ஒரு நாளாவது விடுங்கள், ஹெயார் டிரையர் வேண்டாம்.

"ஏசி அறையில் வேர்த்திருக்கும்" என்று யாராவது சொல்ல வருவார்கள். ஓடும் செட்டில் தண்ணி எப்போதும் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும், அது வேர்க்காது. ஈரம் என்றால் ஒழுக்குத்தான். ஒவ்வொரு பிற்றிங்கிலும் ரிஷுவை மோதிரம் மாதிரிச் சுற்றி விடுங்கள். மேலே நனைந்தால் ஹோஸை வெளியே இறுக்கும் வளையம் இருக்கும் ஹோஸ் பிடி, அடியில் நனைந்தால் ஓ-ரிங்.

ஹோஸ் பிடி என்றால் காரணம் பெரும்பாலும் வெட்டு. கத்தரிக்கோல் ஹோஸை நசுக்கிச் சரிவாக வெட்டும். புது பிளேட்டால் நேர்க்குத்தாக வெட்டுங்கள். அளவும் (உள் விட்டம்/வெளி விட்டம், மில்லிமீற்றரில்) பொருந்த வேண்டும்: 10/13 பிற்றிங்குக்கு 10/16 ஹோஸ் ஏறாது, 10/16 பிற்றிங்கில் 10/13 ஹோஸை வளையம் இறுக்கவே இறுக்காது. நுனியை அரை நிமிடம் சுடுதண்ணியில் பிடித்து, அடி முட்டும்வரை தள்ளிய பிறகே வளையத்தைப் பூட்டுங்கள். ஹோஸைக் கட்டையாக வெட்டி இழுத்துப் பூட்டினால் அந்த இழுவை பிற்றிங்கைச் சரிக்கும், ரிங்கின் ஒரு பக்கம் தூக்கும். இடம் நெருக்கமென்றால் 90 பாகை பிற்றிங் போடுங்கள். ஈபிடிஎம் ரப்பர் ஹோஸுக்கோ ரிங்குக்கோ வாசலினோ கிரீஸோ பூசாதேயுங்கள், ரப்பர் ஊதிவிடும். சிலிக்கோன் கிரீஸ் ஒரு துளி போதும்.

பூட்டியதும் கரண்ட் கொடுக்காதேயுங்கள். பவர் சப்ளையில் பம்பைத் தவிர எல்லா வயரையும் கழற்றி, அதன் மதர்போர்டுக்குப் போகும் 24 பின் பிளக்கில் 16ஆம், 17ஆம் பின்னை ஜம்பரால் (சின்ன வயர்த் துண்டால்) இணைத்துப் பம்பை மட்டும் 24 மணித்தியாலம் ஓட விடுங்கள். காற்று அடித்து ஒழுக்குப் பார்க்கும் ரெஸ்ரர் இருந்தால் 0.5 பாருக்கு மேல் போகாமல் அரை மணித்தியாலம் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். டயருக்கு அடிக்கும் கொம்பிரஷரைக் கிட்டவும் கொண்டு போகவேண்டாம்.

தண்ணி விஷயத்தில் வன்னியில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். நம் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்பு, கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். சிறுநீரக நோய்ப் பயத்தில் வவுனியாப் பக்கம் ஊரூராக வைத்திருக்கும் ஆர்ஓ தண்ணி குடிக்க நல்லது, ஆனால் அதிலும் உப்பு கொஞ்சம் மிஞ்சும். வாகனச் சாமான் கடையில் பற்றரித் தண்ணி வாங்குங்கள், அசிட் அல்ல, லேபிளை வாசித்து வாங்குங்கள். பாசி பிடிக்காத மருந்தும் சேர்க்க வேண்டும். செம்பு பிளொக்கோடு அலுமினிய ரேடியேற்றர் சேர்ந்தால் எந்தத் தண்ணியும் காப்பாற்றாது, அலுமினியம் அரித்துப் போகும்.

இதெல்லாம் சின்ன வேலைதான். ஆனால் கடைக்காரர்கள் சில ரூபாய் ஓ-ரிங்கைத் தனியாக விற்காமல் முழுப் பிற்றிங்கையும் வாங்கச் சொல்கிறார்கள், கொழும்பிலிருந்து பார்சல் காசும் நம் தலையில். விற்கும்போதே நாலு ரிங் கூடப் போட்டால் என்ன குறைந்துவிடும்? ரிங்கின் உள் விட்டம் ஏறக்குறைய 11, தடிப்பு 2 மில்லிமீற்றர். பழைய ரிங்கைக் கொண்டுபோய் மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்களுடையது ஃபக்டரியில் மூடி வந்த செட் என்றால் இவை ஒன்றும் பொருந்தாது. அதைத் திறக்காமல் வாரண்டிக்கு அனுப்புங்கள்.

திரும்ப ஓட்டியதும் தண்ணித் தொட்டியில் மார்க்கரால் கோடு கீறுங்கள். முதல் சில நாள் காற்றுக் குமிழ் வெளியேறி மட்டம் கொஞ்சம் இறங்கும். அதன் பிறகும் கிழமைக்குக் கிழமை வேகமாக இறங்கினால் ரிஷுவைத் திரும்பச் சுற்றுங்கள்.