லவ்விங் கவுண்டி: 64 பேர் வாழும் எண்ணெய் பூமி (கேள்வி பதில்)

மேற்கு டெக்சாஸில் எண்ணெய்க் கிணறுகளின் நிலவியல் ஆய்வில் பணியாற்றும் உறுப்பினர் ஒருவர், லவ்விங் கவுண்டி குறித்து மற்றவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.

கேள்வி: சார், கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றதா? லவ்விங் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது?

மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு என்ற வகையில் மாவட்டம் போன்றதுதான். ஆனால் ஆட்சியரை மேலிருந்து நியமிக்க மாட்டார்கள். பொறுப்பாளர்கள் எல்லோரையும் உள்ளூர் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள் உள்ளன. வேறு எந்த அமெரிக்க மாநிலத்திலும் இத்தனை இல்லை.

லவ்விங், டெக்சாஸின் மேற்குப் பகுதியில் நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கிறது. வடக்கே மாநில எல்லை, மேற்கே பெக்கோஸ் ஆறு. பரப்பளவு ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றுப் பெரியது. 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் 18 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். லவ்விங்கில் 2020 கணக்கெடுப்பில் எண்ணப்பட்டவர்கள் 64 பேர். தலைநகர் மென்டோன். ஊர் என்று சொல்லக்கூடியதும் அது ஒன்றுதான்.

கேள்வி: ஹவாயில் இதைவிடச் சிறிய கவுண்டி ஒன்று உண்டு என்று படித்தேனே?

கலவாவோவைச் சொல்கிறீர்கள். மொலகாய் தீவில், தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்திக் குடியமர்த்திய இடம் அது. மக்கள்தொகையில் அதற்குக் கடைசிக்கு முந்தைய இடம். 2020இல் அங்கே 82 பேர், லவ்விங்கில் 64 பேர். அந்தக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த கவுண்டி லவ்விங்தான்.

கேள்வி: அண்ணா, தொடக்கத்திலிருந்தே இப்படித்தானா? இல்லை, ஒரு காலத்தில் கூட்டம் இருந்து பிறகு காலியானதா?

இரண்டும்தான். 1890 கணக்கெடுப்பில் கவுண்டி முழுவதிலும் மூன்றே பேர். 1900இல் 33. 1910இல் 249 ஆக உயர்ந்தது. அரசு நிலத்தில் குடியேறி, பெக்கோஸ் ஆற்று நீரை வாய்க்காலில் திருப்பிப் பயிர் செய்யலாம் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். பத்தே ஆண்டுகளில் வறட்சி அவர்களை விரட்டியது. 1920இல் மிஞ்சியவர்கள் 82 பேர்.

1921இல் எண்ணெய் கிடைத்தது. 1930களின் தொடக்கத்தில் மக்கள்தொகை 600 வரை போனது. லவ்விங்கின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். அதற்குப் பின் இறக்கம்தான்: 1940இல் 285, 1970இல் 164, 1980இல் 91. நடுவே 1990இல் 107 ஆகச் சற்றே ஏறி, 2000இல் 67, 2010இல் 82, 2020இல் 64.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் எண்ணெய் அலை மக்களைக் கொண்டுவந்தது. 2010க்குப் பிந்தைய இரண்டாம் அலை, முதலாவதைவிடப் பல மடங்கு பெரியதாக இருந்தும், ஒருவரைக்கூடக் கூட்டவில்லை. செல்வம் வந்தால் ஊர் வளரும் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். லவ்விங்கின் கதை அதற்கு நேர்மாறானது. தண்ணீரும் விலைக்குக் கிடைக்கும் நிலமும் இல்லாத இடத்தில் பணம் மட்டும் வந்து ஊர் உருவாகாது.

கேள்வி: அப்படியானால் எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்பவர்கள் யார்? 64 பேரா இத்தனையையும் செய்கிறார்கள்?

இல்லை. மென்டோன் வழியாகப் போகும் 302ஆம் எண் நெடுஞ்சாலையில் விடியற்காலை நின்று பார்த்தால் புரியும். மணல் ஏற்றிய லாரிகள், உப்புநீர் டேங்கர்கள், குழாய்களைச் சுமந்த நீண்ட டிரெய்லர்கள் எல்லாம் முகப்பு விளக்குகளோடு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். சாலையோரத்தில் தொழிலாளர் முகாம்கள். இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் விடுப்பு என்ற முறையில் பலர் வந்து போகிறார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒருவரை அவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் எண்ணும். ஒக்லஹோமாவிலோ லூசியானாவிலோ வீடும் குடும்பமும் உள்ளவர் அங்கேதான் எண்ணப்படுவார். ஆகவே 64 என்பது இதைத் தன் வீடாகக் கொண்டவர்களின் எண்ணிக்கை. அந்த மண்ணில் ஒரு நாளில் கால் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை அதைவிட எத்தனையோ மடங்கு.

கேள்வி: நிலம் விலைக்குக் கிடைக்காது என்கிறீர்களே, இவ்வளவு வெற்று நிலம் யாருடையது?

நல்ல கேள்வி. இதைப் புரிந்துகொள்ளாமல் மேற்கு டெக்சாஸைப் புரிந்துகொள்ள முடியாது. 19ஆம் நூற்றாண்டில் டெக்சாஸ் அரசிடம் பணம் இல்லை, நிலம் இருந்தது. ரயில் பாதை போட்ட நிறுவனங்களுக்குக் கூலியாக நிலத்தையே கொடுத்தது. சதுர மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒன்று ரயில் நிறுவனத்துக்கு, அடுத்தது அரசுப் பள்ளி நிதிக்கு என்று மாற்றி மாற்றி ஒதுக்கினார்கள். டெக்சாஸ் அண்ட் பசிபிக் ரயில்வே நொடித்துப்போனபோது, அதன் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்காக 1888இல் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டு, நிலங்கள் அதனிடம் போயின. அதுதான் இன்று டெக்சாஸ் பசிபிக் லேண்ட் என்ற பெரும் நிறுவனம். லவ்விங்கிலும் அதற்கு நிறைய நிலம் உண்டு. மீதியில் பெரும்பகுதி சில மாட்டுப் பண்ணைக் குடும்பங்களின் கையில். நூறடிக்கு நூறடி மனை வாங்கி வீடு கட்ட நினைப்பவருக்கு விற்க அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

கேள்வி: ஐயா, இந்தக் கவுண்டியையே மோசடியாக உருவாக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

முற்றிலும் உண்மை. 1887இல் டாம் கிரீன் கவுண்டியிலிருந்து பிரித்து, வரைபடத்தில் லவ்விங்கை உருவாக்கினார்கள். ஆனால் தனி நிர்வாகம் அமைய வேண்டுமானால் உள்ளூர் வாக்காளர்கள் மனுக் கொடுத்து, தேர்தல் நடத்த வேண்டும். 1893இல் கால்வாய் வெட்டிப் பாசனம் தரப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். 150 வாக்காளர்கள் கையெழுத்திட்டதாக ஒரு மனு போனது. மூன்றே ஆண்டுகளுக்கு முன் மூன்று பேர் மட்டும் இருந்த இடத்தில்! தேர்தலும் நடந்ததாகக் கணக்குக் காட்டினார்கள், அதிகாரிகளும் பதவியேற்றார்கள். பக்கத்து ரீவ்ஸ் கவுண்டியிலும் நில உரிமையாளர்களிடையேயும் சந்தேகம் எழுந்து, வாக்காளர் பட்டியல் போலி என்று வெளிவந்தது. பொறுப்பில் இருந்தவர்கள் ஆவணங்களோடு ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

1897இல் சட்டமன்றம் லவ்விங்கின் நிர்வாகத்தைக் கலைத்து, ரீவ்ஸ் கவுண்டியோடு இணைத்தது. எண்ணெய் வந்தபின் 1931இல் மறுபடியும் தனி நிர்வாகம் கிடைத்தது. டெக்சாஸில் இரண்டு முறை அமைக்கப்பட்ட ஒரே கவுண்டி இதுதான். இன்றைய நீதிமன்றக் கட்டடம் 1935இல் எழுந்தது.

கேள்வி: பெயருக்குரிய லவ்விங் யார்?

ஆலிவர் லவ்விங் என்ற மாட்டு வணிகர். 1866இல் சார்லஸ் குட்நைட் என்பவரோடு சேர்ந்து, டெக்சாஸ் மாடுகளைப் பெக்கோஸ் ஆற்றின் ஓரமாகவே வடக்கே நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னருக்கு ஓட்டிச் சென்றார். அங்கே அமெரிக்க ராணுவம் நவஹோ பழங்குடி மக்களைச் சிறைவைத்ததுபோல் அடைத்து வைத்திருந்தது. அவர்களுக்கு உணவாக மாட்டிறைச்சி தேவைப்பட்டது. அடுத்த ஆண்டுப் பயணத்தில் மந்தைக்கு முன்னால் ஒரே ஒரு துணையோடு போனபோது கொமான்சி பழங்குடியினர் தாக்கினார்கள். காயம் அழுகி, 1867 செப்டம்பரில் ஃபோர்ட் சம்னரில் இறந்தார். குட்நைட் அவருடைய உடலை டெக்சாஸின் வெதர்ஃபோர்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார். லவ்விங் இந்தக் கவுண்டி நிலத்தில் குடியிருந்தவர் அல்லர். மந்தையோடு கடந்து போனவர்.

கேள்வி: ஆறு ஓடுகிறதே, பிறகு ஏன் தண்ணீர்ப் பஞ்சம்?

ஆறு இருக்கிறது, குடிக்கத்தான் முடியாது. மேலே நியூ மெக்சிகோவில் மலாகா என்ற இடத்தருகே நிலத்தடி உப்பு ஊற்றுகள் பெக்கோஸில் கலக்கின்றன. கவுண்டியின் வடமேற்கு மூலையில் 1936இல் ரெட் பிளஃப் அணையைக் கட்டினார்கள். அந்த நீரும் உவர்ப்புதான். வெயில் காலத்தில் நீர் வடிந்த இடங்களில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஆண்டு மழை சராசரியாக 250 மில்லிமீட்டரை ஒட்டி.

1850களில் ஜான் போப் என்ற ராணுவ அதிகாரி, ரயில் பாதைக்கு வழி தேடி வந்து, நியூ மெக்சிகோ எல்லையருகே பெக்கோஸ் கரையில் முகாமிட்டுக் கிணறு தோண்டினார். ஆழத்தில் தண்ணீர் இருந்தது. ஆனால் அவர் எதிர்பார்த்தபடி தானே பொங்கி மேலே வரவில்லை. கருவிகள் உடைந்து, பணமும் தீர்ந்து, திட்டம் கைவிடப்பட்டது. மென்டோன் மக்களோ பல ஆண்டுகள் வெளியிலிருந்து வண்டியில் கொண்டுவந்த தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

இன்று எண்ணெய் எடுக்கும்போது ஒரு பீப்பாய் எண்ணெயோடு மூன்று நான்கு பீப்பாய் உப்புநீர் மேலே வருகிறது. கடலைவிடப் பல மடங்கு உப்பு. அதை எங்கும் ஊற்ற முடியாமல், மறுபடியும் பூமிக்குள்ளேயே அழுத்திச் செலுத்துகிறார்கள். அதன் விளைவு நிலநடுக்கம். 2022 நவம்பரில் மென்டோனுக்கு மேற்கே 5க்கு மேற்பட்ட அளவில் ஒன்று ஏற்பட்டது. ஒழுங்குமுறை ஆணையம் சில இடங்களில் ஆழமான கிணறுகளில் நீரைச் செலுத்தத் தடை விதித்தது. என் துறை சார்ந்த விஷயம் என்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன்: எடுப்பதில் காட்டும் வேகத்தில் பாதியையாவது இந்த உப்புநீரைச் சுத்திகரிப்பதில் காட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: அங்கே என்ன மரம் செடி வளரும்?

சிவாவாப் பாலைவனத்தின் வடக்கு ஓரம் அது. கிரியோசோட் புதர், யுக்கா, கள்ளி வகைகள், பிறகு மெஸ்கீட். இந்த மெஸ்கீட் நம் ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அதே புரோசோபிஸ் பேரினம். முள்ளும் காயும் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். நமக்கு அது வந்தேறி, அங்கே அது சொந்த மண்ணின் மரம். இருந்தும் மேய்ச்சல் நிலங்களில் பரவி, பண்ணைக்காரர்களிடம் அங்கேயும் ஏச்சு வாங்குகிறது.

கேள்வி: 64 பேருக்கு ஒரு அரசாங்கமா? யார் யார் இருக்கிறார்கள்?

டெக்சாஸ் அரசியல் சட்டம் 2020 கணக்கெடுப்பில் 47 லட்சம் பேர் இருந்த ஹாரிஸ் கவுண்டிக்கும் லவ்விங்குக்கும் ஒரே அமைப்பைத்தான் விதிக்கிறது: நிர்வாகத் தலைவராகவும் விளங்கும் ஒரு கவுண்டி நீதிபதி, நான்கு கமிஷனர்கள். இவர்கள் தவிர ஷெரிஃப் (காவல் தலைவர்), எழுத்தர் போன்றோர். எல்லோரும் தேர்தலில் வெல்ல வேண்டும்.

2020 அதிபர் தேர்தலில் இங்கே பதிவான வாக்குகள் 66. குழந்தைகளையும் சேர்த்து எண்ணிய மக்களோ 64! வெளியூரில் வாழ்ந்தாலும் பூர்வீகப் பண்ணையையே நிரந்தர வீடாகக் காட்டி வாக்குரிமை வைத்திருப்பவர்கள் உண்டு. இதுபற்றிய வழக்குகளும் உண்டு. எண்ணெய்க் கிணறுகளுக்குச் சொத்து வரி விதிக்கும் அதிகாரம் கவுண்டிக்கு இருப்பதால் ஒவ்வொரு வாக்குக்கும் பெரிய மதிப்பு. 2000களின் நடுவில், அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்னும் சுதந்திரவாதக் கொள்கை கொண்ட சிலர் கூட்டமாகக் குடியேறி ஆட்சியைப் பிடிக்க முயன்றதும் வாக்காளர்கள் இவ்வளவு குறைவு என்பதால்தான். அது நடக்கவில்லை.

பெருமையாகச் சொல்லவும் ஒன்று உண்டு. டெக்சாஸில் தேர்தலில் வென்று ஷெரிஃப் ஆன முதல் பெண், எட்னா ரீட் கிளேட்டன் டீவீஸ், 1945 முதல் 1947 வரை இங்கேதான் பதவி வகித்தார். துப்பாக்கி ஏந்தாமலே பணி செய்தவர்.

கேள்வி: பள்ளிக்கூடம் உண்டா அக்கம்பக்கத்தில்?

மென்டோன் பள்ளி 1972இல் மூடப்பட்டது. பிள்ளைகள் பக்கத்து விங்க்லர் கவுண்டியில் உள்ள விங்க் என்ற ஊருக்குப் பஸ்ஸில் போகிறார்கள். மருத்துவமனையும் இல்லை.

கேள்வி: டெக்சாஸுக்கு மகனைப் பார்க்க வருகிறேன். லவ்விங்கைப் பார்க்கப் போகலாமா தம்பி?

தாராளமாக, அம்மா. பெக்கோஸ் ஊரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் போனால் மென்டோன். நீதிமன்றக் கட்டடத்தையும், போர்ட்டர்வில் என்ற அழிந்த ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய சிறிய மரத் தேவாலயத்தையும் பாருங்கள். 1910இல் கட்டப்பட்ட அந்தத் தேவாலயம்தான் கவுண்டியின் மிகப் பழைய கட்டடம். பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, குடிநீரைக் கையோடு எடுத்துப் போங்கள். லாரிகள் காரணமாக அந்தச் சாலைகளில் விபத்துகள் அதிகம். ஆகவே மகனைப் பகலிலேயே வண்டி ஓட்டச் சொல்லுங்கள், இருட்டுவதற்குள் பெக்கோஸ் திரும்பிவிடுங்கள்.