தங்கச்சிமாரின் வீடும் உங்கள் நித்திரையும்

ஆரையம்பதியிலிருந்து 29 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். மட்டக்களப்பு நகரில் புடவைக்கடை வேலை. காலை 8.30 முதல் இரவு 9 வரை, கிழமைக்கு ஆறு நாள். சம்பளம் 45,000 ரூபாய். மேலதிக நேரத்துக்கு எதுவும் இல்லை. கடை பூட்டியதும் 11.30 வரை மாமாவின் ஓட்டோ ஓடுகிறார். இரண்டு தங்கச்சிமாருக்கு வீடு கட்ட வேண்டும். போன கிழமை கல்லடிப் பாலத்தில் கண் சொருகிவிட்டதாம். "எதைக் குறைப்பது?" என்று கேட்கிறார்.

தம்பி, இரவு ஓட்டோவை இன்றைக்கே நிறுத்துங்கள். பின்னால் இருப்பவரும் ஒரு வீட்டின் பிள்ளைதான்.

அந்தக் காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்களுக்கு வர வேண்டிய காசு கடையிலேயே நிற்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. மேலதிக வேலை கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தாலும் நீங்கள் செய்வது 69. அதாவது 24 மணித்தியாலம் கூட, சட்டம் விடும் எல்லையைப் போல இரண்டு மடங்கு. மாதச் சம்பளத்தை 240 மணித்தியாலமாக வகுத்தால் மணிக்கு 187.50 ரூபாய், ஒன்றரை மடங்கு 281.25. நாலு கிழமைக்கு 27,000 ரூபாய் வருகிறது.

இன்றிலிருந்து ஒரு கொப்பியில் திகதி, போன நேரம், வந்த நேரம் எழுதுங்கள். சம்பளச் சீட்டு, முதலாளி அனுப்பும் வட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். சேமலாப நிதியையும் பாருங்கள்: உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து மாதம் 9,000 ரூபாய் போக வேண்டும். முதலில் முதலாளியிடம் தனியாகப் பேசுங்கள், தீபாவளி, பொங்கல் நெருக்கடியில் வேண்டாம். சரிவராவிட்டால் தொழில் திணைக்களத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். அதற்குப் பிறகு கடையில் முகம் கறுக்கும், அதையும் யோசித்துக்கொண்டே போங்கள்.

ஆனால் எனக்குக் கூடக் கவலை தருவது வீட்டு விசயம். பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது நம் பக்கத்து வழமை, அதை நான் குறை சொல்லவில்லை. ஒரு காலத்தில் வளவும் கிடுகு வேய்ந்த வீடும் போதுமாயிருந்தது. இப்போது அயலில் ஒரு மாடி எழும்பினால் நம் வீட்டுத் திட்டத்திலும் ஒரு அறை கூடுகிறது. வீட்டுக்கு அளவில்லாததால் உங்கள் வேலை நேரத்துக்கும் அளவில்லாமல் போயிற்று. உங்கள் கல்யாணப் பேச்சும் அதற்குள் புதைந்து கிடக்கும் என்றே நினைக்கிறேன்.

அம்மாவோடும் தங்கச்சிமாரோடும் ஒரு பின்னேரம் இருந்து கதையுங்கள். எத்தனை அறை, எவ்வளவு காசு, எந்த ஆண்டுக்குள், யார் எவ்வளவு போடுவது, எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். அண்ணன் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்பதே தங்கச்சிமாருக்குத் தெரியாத வீடுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். "இளந்தாரிக்கு என்ன வரப்போகுது" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்: கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 வரை உழைப்பவர்களை விடப் பக்கவாத ஆபத்து 35 வீதம் கூட என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டிருக்கின்றன.

ஓட்டோவை நிறுத்திய பிறகும் நித்திரை வராமல் மனம் அமிழ்ந்தால் 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். கொப்பியில் ஒரு மாதம் நிரம்பியதும் எனக்குத் திரும்ப எழுதுங்கள், முறைப்பாட்டுக் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.