பட்டனைத் தட்டினால் சர்வரில் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும்: பழைய மெஷின்காரர்களுக்குப் பதில்கள்

சேலம் பக்கம் பழைய சர்வர்களை இன்னும் கட்டிக்கொண்டு அழுபவர்கள் கேட்டவை.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசுக் கடை: அண்ணா, கூலிக் கணக்குப் போடும் பெர்ல் மொழி ஸ்கிரிப்ட் டெர்மினலில் (கமாண்ட் தட்டும் திரையில்) ஒழுங்காக ஓடுகிறது. வெப் பேஜிலிருந்து கூப்பிட்டால் 500 எரர். பேஜ் அனுப்பும் வெப் சர்வர் புரோகிராம் பழைய அப்பாச்சி.

விண்டோஸ் நோட்பேடில் எழுதினீர்களா? டெர்மினலில் 'பெர்ல்' என்று முன்னால் தட்டித்தானே ஓட்டுகிறீர்கள். அப்போது முதல் வரியில் உள்ள பாதையை யாரும் தேடுவதில்லை. சிஜிஐ-யில், அதாவது வெப் சர்வர் ஸ்கிரிப்டைக் கூப்பிடும் முறையில், அந்த வரிதான் எல்லாம். நோட்பேடில் புதிதாக எழுதும் ஃபைலில் வரிக்கு வரி கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து சேர்ந்துவிடும். லினக்ஸ் அதையும் சேர்த்துப் படித்து, 'அப்படி ஒரு புரோகிராமே இல்லை' என்று கைவிரிக்கும். 'கேட் -ஏ' (cat -A) போட்டால் வரிக் கடைசியில் ^எம் (^M) தெரியும். அந்த எழுத்தை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் (dos2unix) கமாண்டை ஒரு தடவை ஓட்டுங்கள், போய்விடும். அது இல்லை என்றால் ஸ்கிரிப்டை எல்லாரும் ஓட்ட விடும் 755 அனுமதி இருக்கிறதா, ஸ்கிரிப்ட் முதலில் அனுப்பும் கன்டென்ட்-டைப் வரிக்குக் கீழே வெற்று வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வெற்று வரிக்காக நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். சர்வர் தப்புகளை எழுதிவைக்கும் எரர் லாகைத் திறந்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

ஏற்காடு, காபி எஸ்டேட் ஆபீஸ்: சார், எடை ரிப்போர்ட் வர எட்டு நிமிஷம் ஆகிறது. பேஜ் நடுவிலேயே நின்றுவிடுகிறது. பையன் மறுபடி மறுபடி அழுத்தி, ஒரே ரிப்போர்ட் மூன்றாக ஓடுகிறது.

பையன் மேல் தப்பில்லை. அப்பாச்சி 2.2 சும்மா காத்திருப்பது 300 விநாடி, 2.4-இல் வெறும் 60. வேலை பின்னணியில் ஓடட்டும் என்று கமாண்டின் கடைசியில் '&' போட்டுப் பார்த்திருப்பீர்கள்; ஸ்கிரிப்டின் அவுட்புட் சர்வரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பேஜ் விடாது. அவுட்புட், எரர் இரண்டையும் வேறு ஃபைலுக்குத் திருப்ப வேண்டும்.

ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். பேஜ் டோக்கன் மட்டும் போடட்டும்: ஒரு ஃபோல்டரில் சின்ன ஃபைல் எழுதிவிட்டு, 'வேலை எடுத்தாச்சு' என்று சொல்லிவிட்டுப் போகட்டும். நிமிஷத்துக்கு ஒரு தடவை கிரான் (குறித்த நேரத்தில் வேலையைக் கிளப்பும் லினக்ஸ் வசதி) வந்து டோக்கனைப் பார்த்து வேலையை ஓட்டும். அதில் பூட்டுப் போடும் 'எஃப்லாக் -என்' (flock -n) கமாண்டைச் சேர்த்தால் ஒன்று ஓடும்போது இன்னொன்று கிளம்பாது. பையன் ஐம்பது தடவை அழுத்தினாலும் ஃபைல் பெயர் ஒன்றுதான் என்றால் டோக்கனும் ஒன்றுதான்.

சூரமங்கலம்: வெப் யூசருக்கு (வெப் சர்வர் ஓடும் கணக்குக்கு) முழு சூடோ, அதாவது அட்மின் அதிகாரம், கொடுத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன டோக்கன் முறையில் அதற்குத் தேவையே வராது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு ஸ்கிரிப்டுக்கு, முழுப் பாதையோடு. அந்த ஸ்கிரிப்டைத் திருத்தும் அனுமதி வெப் யூசருக்கு இருக்கக் கூடாது.

அம்மாபேட்டை, தறிப் பட்டறை: ஃபார்மில் தட்டும் பார்ட்டி பெயரை அப்படியே ஷெல்லுக்கு (கமாண்டுகளை ஓட்டும் புரோகிராமுக்கு) கொடுக்கிறேன். உள் ஆபீஸ்தானே?

பெயருக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் அழிக்கும் கமாண்டும் தட்டினால் அதுவும் ஓடும், தம்பி. பார்ட்டிகளுக்கு நம்பர் வையுங்கள், எண்ணைத் தவிர எது வந்தாலும் தள்ளிவிடுங்கள். ஸ்கிரிப்ட் பாஷ் என்ற ஷெல்லில் ஓடுவது என்றால், அந்த பாஷ் எந்த வருஷத்தது என்றும் பாருங்கள். 2014-இல் வெளியான ஷெல்ஷாக் என்ற பாஷ் ஓட்டையில் புகுந்து கமாண்ட் ஓட்ட, சிஜிஐ வழியாக ஒரு ஹெட்டர் (பேஜ் கேட்கும்போது பிரவுசர் கூடவே அனுப்பும் தகவல் வரி) அனுப்பினாலே போதுமாக இருந்தது.

ஆத்தூர் ரோடு: பட்டனுக்குப் பதில் வெறும் லிங்க் வைத்தால்?

போஸ்ட் ஃபார்மாகவே, அதாவது பட்டனை அழுத்தி அனுப்பும் ஃபார்மாகவே வையுங்கள். ஓர் ஆபீஸில் மாதக் கணக்கு முடிக்கும் வேலையை லிங்காக வைத்திருந்தேன். உள்ளேயே தேடல் வசதிக்காக ஒரு புரோகிராம் போட்டார்கள். அது எல்லா லிங்கையும் திறந்து பார்த்தது. அந்த மார்ச் மாதக் கணக்கு மூன்று தடவை முடிந்தது.