வீடியோ லாரிங்கோஸ்கோப் வைத்துக் குழந்தைக்கு ட்யூப் போடுவது அவசியமா, பில் ஏற்றும் வேலையா?

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு உங்கள் தங்கை மகனை ஐசியூ ஆம்புலன்ஸில் மாற்றும்முன், வீடியோ லாரிங்கோஸ்கோப், அதாவது தொண்டைக்குள் இருப்பதை ஸ்கிரீனில் காட்டும் கேமரா வைத்த கருவி கொண்டு, மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டிருக்கிறார்கள். சாதாரணக் கருவி போதாதா என்று கேட்கிறீர்கள். பெங்களூரில் குழந்தைகளை இப்படி மாற்றும் டீமில் வேலை செய்பவன் நான். பில்லுக்குப் பிறகு வருகிறேன்.

கைக்குழந்தையின் தொண்டை பெரியவர்களின் தொண்டை மாதிரி இருக்காது. வாய்க்கு நாக்கு பெரிது. குரல்வளை இன்னும் மேலே இருக்கும், அதை மூடும் மடல் தொளதொளவென்று மறைக்கும். பின்மண்டை பெரிதாக இருப்பதால் மல்லாக்கப் போட்டாலே கழுத்து மடங்கும். தோளுக்கடியில் துணி மடித்து வைப்போம். இதைவிடப் பெரிய தொல்லை, நேரம். எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜன் செலவாகும், நுரையீரலில் இருப்போ குறைவு. மயக்க மருந்து கொடுத்து மூச்சு நின்றால் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு, மளமளவென்று இறங்கும். அதனால்தான் முதல் முயற்சியிலேயே உள்ளே போக வேண்டும் என்று அவ்வளவு கவலைப்படுகிறோம்.

அதில் வீடியோ உதவுகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: முதல் முயற்சியில் வெற்றி வீடியோவில் 93%, சாதாரணக் கருவியில் 88%. அது ஆபரேஷனுக்காக மயக்கம் கொடுத்த குழந்தைகள். டப்ளினில் பச்சிளம் குழந்தைகளிடம் செய்து 2024இல் வெளியான ஆய்வில் முதல் முயற்சி வெற்றி வீடியோவில் 74%, சாதாரணக் கருவியில் 45%. இரண்டுமே ஆம்புலன்ஸில் நடந்தவை அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் அனுபவத்தில் இதன் பெரிய பலன் வேறு. பழைய கருவியில் உள்ளே பார்ப்பவர் ஒரே ஒருவர். அவர் "தெரியுது" என்றால் மற்றவர்கள் நம்ப வேண்டியதுதான். ஸ்கிரீன் இருந்தால் கழுத்தை வெளியிலிருந்து அழுத்தும் சிஸ்டருக்கும் தெரிகிறது. வாய்க்குள் விட்டு நாக்கைத் தூக்கும் பிளேடை ஜூனியர் பிடித்திருந்தால், "கொஞ்சம் வெளியே இழு, இப்போ தூக்கு" என்று பக்கத்தில் நின்றே சொல்லலாம். அதற்காக மாயக் கருவி என்று நினைக்காதீர்கள். வாந்தியோ ரத்தமோ லென்ஸில் பட்டால் ஒன்றும் தெரியாது. மத்தியான வெயிலில் ஸ்கிரீன் வெளுத்துவிடும். வளைவு அதிகமான பிளேடில் குரல்வளை பளிச்சென்று தெரியும், ஆனால் ட்யூப் அங்கே திரும்பாது. உள்ளே கம்பி வைத்து வளைத்தாக வேண்டும். அதனால் சாதாரணக் கருவியும், வாந்தி, ரத்தத்தை உறிஞ்சியெடுக்கும் சக்‌ஷனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், எப்போதும்.

"நாற்பது கிலோமீட்டர்தானே சார், வண்டியிலேயே போட்டுக்கக் கூடாதா, ஏன் இன்னும் கிளம்பல?" அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு மாமாவாவது இப்படிக் கேட்பார். அவர் தவிப்பு நியாயம்தான். ஆனால் ஓடும் வண்டியில் குனிந்து இதைச் செய்வதைவிட, அனுப்பும் ஆஸ்பத்திரியில் வெளிச்சத்தில், ஆட்கள் சுற்றி நிற்கச் செய்துவிட்டுக் கிளம்புவது எவ்வளவோ மேல். வழியில் தேவைப்பட்டால் ஓரங்கட்டி நிறுத்தித்தான் செய்வோம்.

போட்டபின் ட்யூபைக் காப்பாற்றுவது தனி வேலை. பச்சிளம் குழந்தையின் மூச்சுக்குழாய் மொத்தமே நான்கைந்து சென்டிமீட்டர். தலை குனிந்தால் ட்யூப் உள்ளே இறங்கும், நிமிர்ந்தால் மேலே ஏறும். பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் டிரைவர் ஒரு பிரேக் அடித்தால் போதும். அதனால் மானிட்டரில் கேப்னோகிராஃப், அதாவது வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கோடு, வழி முழுக்க ஓட வேண்டும். ட்யூப் வெளியே வந்தால் சாச்சுரேஷன் இறங்குவதற்கு முன்பே அந்தக் கோடு படுத்துவிடும். கேமரா இல்லாத வண்டியில் அனுபவமுள்ள டாக்டரோடு அனுப்புவேன். ட்யூப் போட்ட குழந்தையை இந்தக் கோடு இல்லாத வண்டியில் அனுப்ப மாட்டேன்.

இனி பில். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளேடு என்றால் அதைத் தனி வரியில் போடுவது உண்டு. விவரமான பில் கேளுங்கள். அந்த ஒரு பிளேடுக்கு மேல் 'வீடியோ சார்ஜ்' என்று இன்னொரு வரி இருந்தால், எதற்கு என்று தாராளமாகக் கேட்கலாம்.