58 வயதில் சொந்தத் தொழில்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்கு 58 வயது. ஆட்குறைப்பில் வேலை போனபின் எங்கு விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. இப்போது வீட்டிலிருந்தே சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். 'வீட்டில சும்மாதானே இருக்கீங்க, பார்த்துப் போடுங்கம்மா' என்று கட்டணத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஆனால் எல்லோரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். எனக்கு ஏன் அப்படித் தோன்றவில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தோன்றாததில் தப்பே இல்லை. விரும்பித் தொழில் தொடங்குவது வேறு, வேலை கொடுக்க ஆளில்லாமல் தொடங்குவது வேறு.

வேலை கிடைக்காததற்கு உங்கள் திறமையைக் குறை சொல்லாதீர்கள். அமெரிக்காவில் டேவிட் நியூமார்க்கும் இரண்டு பொருளாதார அறிஞர்களும் வெவ்வேறு வயதுக்காரர்கள் அனுப்புவதுபோல 40,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைத் தயாரித்து நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2019-ல் வெளியானது. வயது கூடிய பெண்களுக்கு, அதிலும் ஓய்வு வயதை நெருங்கியவர்களுக்கு, அழைப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. ஆண்களுக்கு அந்த அளவு அடி விழவில்லை.

சரி, சொந்தத் தொழிலில் இது நின்றுவிடுகிறதா? கட்டணத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'சும்மாதானே இருக்கீங்க' என்று முப்பது வயது ஆணிடம் யாரும் சொல்வதில்லை. சட்டமும் பெரிதாகத் துணைக்கு வராது. அமெரிக்காவின் 1967-ம் ஆண்டு வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம்கூட 40 வயதான, அதைத் தாண்டிய ஊழியர்களுக்குத்தான். சுயமாகத் தொழில் செய்பவர் அதற்கு வெளியே. அதே நாட்டின் சில மாநிலங்களில் ஒரு பெண் தொழில்கடன் வாங்க ஆண் உறவினர் கையெழுத்துப் போடவேண்டும் என்ற விதி 1988-ல்தான் ஒழிந்தது. உங்கள் வயதுக்காரர்கள் வேலைக்கு வந்த காலம் அது!

எனக்கு அதிகம் கவலை தருவது ஓய்வூதியம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்க்க வேலையை விட்ட வருடங்கள் அதில் ஏற்கெனவே ஓட்டை போட்டிருக்கும். இனி முதலாளியின் பங்கும் இல்லை. இன்று குறைத்துக்கொடுக்கும் தொகை, நாளைய முதுமைச் செலவுக்கான பணம்.

அப்புறம், கணக்கு எழுதுவது மட்டுமா வேலை? பை நிறைய ரசீதுகளைக் கொட்டிவிட்டுப் போவார்கள். தேதிவாரியாகப் பிரித்து, மை அழிந்ததைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் போன் போட்டுக் கேட்பதற்குள் ஒரு நாள் போய்விடும். பில்லில் அது வருவதே இல்லை. அதைத் தனி வரியாகப் போடுங்கள். பழைய வாடிக்கையாளர்களிடம் உடனே முடியாமல் போகலாம். புதிதாக வருபவரிடமிருந்து தொடங்குங்கள். கட்டணத்தைச் சொல்லுங்கள், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.