ஆன் செய்ததும் கீபோர்டு எடுக்கவில்லையா? பழைய கணினிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கடையில் எக்ஸ்பி போட்ட பில்லிங் கணினி. விண்டோஸ் வந்தபின் யூஎஸ்பி கீபோர்டு நன்றாக ஓடுகிறது. ஆனால் தொடக்கத்தில் எஃப்8 அழுத்தினால் எடுப்பதே இல்லை. புது கீபோர்டு வாங்கியும் அதே கதைதான்.

பதில்: இனி கீபோர்டுக்குச் செலவு செய்யாதீர்கள். எக்ஸ்பி தன் யூஎஸ்பி டிரைவரை ஏற்றும்வரை, நீங்கள் அழுத்தும் விசையைக் கவனிப்பது பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும், மதர்போர்டில் உள்ள மென்பொருள்) மட்டுமே. அங்கே 'யூஎஸ்பி லெகசி சப்போர்ட்' அல்லது 'யூஎஸ்பி கீபோர்டு சப்போர்ட்' என்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். அது இயங்கினால்தான் உங்கள் யூஎஸ்பி கீபோர்டு பழைய பிஎஸ்/2 (யூஎஸ்பிக்கு முந்தைய வட்ட சாக்கெட்) கீபோர்டு போலத் தெரியும். விண்டோஸுக்கு முந்தைய டாஸில் யூஎஸ்பி கீபோர்டு வேலை செய்வதும் இந்த வசதியால்தான்.

பயாஸுக்குள் போகவே கீபோர்டு வேண்டுமே என்பீர்கள். யாரிடமாவது ஒரு பிஎஸ்/2 கீபோர்டை இரவல் வாங்கி, கணினியை அணைத்துவிட்டுச் செருகி, டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி உள்ளே போய் அந்த வசதியை இயக்குங்கள். மாற்றிய பிறகும் சில நாளில் பழையபடி ஆகிறதா? தேதியும் கூடவே பின்னால் போகிறதா? அப்படியென்றால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. அதை மாற்றுங்கள்.

கேள்வி: பிஎஸ்/2 கீபோர்டுதான். ஒரு நாள் எடுக்கிறது, ஒரு நாள் 'கீபோர்டு எரர்' என்று நின்றுவிடுகிறது.

பதில்: மின்சாரம் வந்ததும் கீபோர்டு தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். அரை முதல் முக்கால் நொடிக்குள் அதை முடித்து, எல்லாம் சரியென்றால் 'ஏஏ' என்ற ஹெக்ஸ் குறியீட்டைக் கணினிக்கு அனுப்பும். சோதனையின்போது நம் லாக், கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக் விளக்குகள் மூன்றும் ஒருமுறை மின்னும். ஆன் செய்ததும் திரையை விட்டுவிட்டு அந்த விளக்குகளைப் பாருங்கள்.

மின்னவே இல்லையென்றால் கீபோர்டுக்கு மின்சாரம் போகவில்லை. கேபிள் உள்ளே அறுந்திருக்கலாம், பின் வளைந்திருக்கலாம். பல மதர்போர்டுகளில் இந்த சாக்கெட்டுக்கென்றே ஒரு சின்ன ஃப்யூஸ் உண்டு, அது போயிருக்கலாம். கணினி ஓடும்போதே பிஎஸ்/2 கீபோர்டைப் பிடுங்கிச் செருகுவது அதைக் கெடுக்கும் வழிகளில் ஒன்று. 1987-இல் வந்த இந்த இணைப்பு அதற்காக வடிவமைக்கப்படவே இல்லை. தயவுசெய்து அந்தப் பழக்கம் வேண்டாம்.

விளக்கு மின்னியும் எரர் வருகிறதா? முதலில் சாக்கெட்டைப் பாருங்கள். ஊதா நிறம் கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. வடிவம் ஒன்றேதான் என்பதால் மாறிப்போவது சகஜம். அடுத்து, ஏதாவது ஒரு விசை அழுந்தியபடியே சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், பயாஸில் 'குவிக் பூட்' வசதியை நிறுத்துங்கள். மெதுவாக எழும் கீபோர்டுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

கேள்வி: யூஎஸ்பி கீபோர்டில் பச்சை நிற கன்வெர்ட்டர் மாட்டி பிஎஸ்/2-வில் செருகினேன். அசைவே இல்லை.

பதில்: அந்தக் குட்டிக் கன்வெர்ட்டருக்குள் வெறும் கம்பிதான். இரண்டு முறையிலும் பேசத் தெரிந்த கீபோர்டுக்கு மட்டுமே அது உதவும். பச்சை என்றால் பெரும்பாலும் மவுஸோடு வந்ததாக இருக்கும். இப்போது விற்கும் கீபோர்டுகளில் பலவற்றுக்கு பிஎஸ்/2 தெரியாது. உள்ளே சிப் வைத்த ஆக்டிவ் கன்வெர்ட்டர் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: புது மதர்போர்டில் விண்டோஸ் 7 போடுகிறேன். பயாஸில் கீபோர்டு ஓடுகிறது. இன்ஸ்டால் திரை வந்ததும் செத்துவிடுகிறது.

பதில்: விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. பழைய போர்டு என்றால் நீலப் போர்ட்டிலிருந்து (யூஎஸ்பி 3.0) எடுத்துக் கறுப்புப் போர்ட்டில் (யூஎஸ்பி 2.0) மாட்டினாலே போதும். ஆனால் 2015-இல் வந்த இன்டெல் 100 வரிசை சிப்செட்டிலிருந்து (மதர்போர்டின் முக்கிய சிப்) பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலரையே எடுத்துவிட்டார்கள். கறுப்புப் போர்ட்டும் கைகொடுக்காது. பின்புறம் பிஎஸ்/2 சாக்கெட் இருந்தால் அதில் ஒரு கீபோர்டை மாட்டி இன்ஸ்டால் செய்துவிட்டு, அப்புறம் யூஎஸ்பி டிரைவரைப் போடுங்கள். சாக்கெட் இல்லையென்றால் யூஎஸ்பி 3.0 டிரைவரை இன்ஸ்டால் டிஸ்க்கிலேயே முன்கூட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.