என்ன நடந்தால் கைவிடுவீர்கள்?

கேள்வி: எலக்ட்ரானை நான் பார்த்ததில்லை, விஞ்ஞானிகள் சொல்வதால் நம்புகிறேன். கடவுளையும் பார்த்ததில்லை, பெரியவர்கள் சொல்லி நம்புகிறேன். இரண்டும் ஒன்றுதானே ஐயா?

பதில்: சொல்லக் கேட்டு நம்புகிற அளவில் ஒன்றுதான். நானும் எலக்ட்ரானை அப்படித்தான் ஏற்றிருக்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். "என்ன நடந்தால் இதைக் கைவிடுவேன்?" என்று இரண்டையும் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

லெ வெரியே என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். யுரேனஸ் கணக்குப்படி நகராமல் பிசகியது. அதற்கு அப்பால் ஏதோ ஒரு கோள் அதை இழுக்கிறது என்று சொல்லி, அது இருக்க வேண்டிய இடத்தைக் காகிதத்திலேயே கணக்கிட்டார். 1846-ல் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தார்கள். அவர் சொன்ன இடத்துக்கு ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது!

புதனும் கொஞ்சம் பிசகியது. சூரியனுக்கு அருகே இன்னொன்று இருக்க வேண்டும் என்று 1859-ல் அவரே சொன்னார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. கிரகணத்துக்குக் கிரகணம் தேடினார்கள், அகப்படவில்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல், எந்தப் புதுக் கோளும் இல்லாமலே அந்தப் பிசகை விளக்கியது. வல்கன் கதை அதோடு முடிந்தது. லெ வெரியே 1877-ல் இறக்கும்வரை வல்கனை நம்பியவர். நெப்டியூனைக் காட்டிக்கொடுத்த மேதை என்பதற்காகக்கூட யாரும் அதை வைத்துக்கொள்ளவில்லை.

பக்தி இப்படி நடப்பதில்லை. வேண்டியது கிடைத்தால் நன்றி. கிடைக்காவிட்டால் "அவன் சித்தம்" என்று மறுபடி கைகூப்புவார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் பிரார்த்தனையை விடாத தாயிடம் போய்ச் சான்று கேட்க எனக்கு மனம் வராது. ஆனால் அதே தாய் இன்னொரு பிள்ளையின் மருந்தை நிறுத்திவிட்டு வேண்டுதலை மட்டும் நம்பினால், கண்டிப்பாகக் குறுக்கே பேசுவேன். மருந்து கேட்கிறதா இல்லையா என்பது பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம்.

பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதிய லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ், புதிய வானியல் கடவுளின் படைப்புக்குச் சாட்சி சொல்வதுபோல் பேசியதில் லெமேத்ருக்கு உடன்பாடில்லை. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் கருத்து. பூசையும் வைத்தார், சமன்பாடும் போட்டார். ஒன்றுக்கு மற்றதைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.